மலையைக் குடைந்து ஒரு நகரம்!

இத்தாலி என்றதும் ரோம் நகரமும் சாய்ந்த பைசா கோபுரமும்தான் நம் நினைவுக்கு வரும். சிவில் படிக்கும் எனக்குப் பிடித்த ஊரே வேறு. தெற்கு இத்தாலியில், ஆழமான பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் மாத்தேராதான் அது.

இங்கே வீடு கட்டினார்கள் என்பதைவிடக் குடைந்தார்கள் என்பதே சரி. மலை முழுக்க மிருதுவான சுண்ணாம்புக் கல். சுலபமாக வெட்டலாம், காற்றுப்பட்டால் இறுகிவிடும். குடைந்தெடுத்த கல்லையே வாசலில் அடுக்கி முன்சுவர் எழுப்பினார்கள். 'சாஸ்ஸி' எனப்படும் இப்பகுதியில் கீழ்வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுக்குத் தெரு! கற்காலம் தொட்டே மனிதர் வாழ்ந்த இடம் இது.

சரி, தண்ணீருக்கு என்ன பண்ணினார்கள்? ஆறோ பள்ளத்தின் அடியில். அதனால் மழைநீரை வாய்க்கால் வழியே பாறைக்குள் குடைந்த தொட்டிகளில் சேர்த்தார்கள். உள்ளே ஓட்டுத்தூள் கலந்த சுண்ணாம்புப் பூச்சு. நம்ம சுர்க்கிச் சாந்து மாதிரிதான்! நகரச் சதுக்கத்தின் அடியில் இருக்கும் 'பலோம்பாரோ லுங்கோ' என்ற தொட்டி மட்டும் சுமார் 50 லட்சம் லிட்டர் கொள்ளும். மறந்துபோய்க் கிடந்த இதை 1991-ல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள்.

இவ்வளவு கெட்டிக்கார ஊர் ஏன் நொடித்தது? ஜனத்தொகை பெருகியது. இடம் போதாமல் தண்ணீர்த் தொட்டிகளையே வீடாக்கினார்கள். காற்றில்லாத ஈரக் குகைகளில் பிள்ளைகளும் கழுதைகளும் ஒன்றாகவே படுத்தன. மலேரியா பரவியது, பச்சைக் குழந்தைகள் நிறைய இறந்தன. கார்லோ லேவி 1945-ல் வெளியிட்ட புத்தகத்தால் இந்த அவலம் நாடெங்கும் தெரிந்தது. 1952-ல் தனிச்சட்டம் வந்தது. சுமார் 15,000 பேர் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். சாஸ்ஸி வெறிச்சோடிப் போனது.

1986-ல் வந்த இன்னொரு சட்டம் அதே குகைகளைப் பழுதுபார்க்க வழிசெய்தது. 1993-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2019-ல் மாத்தேரா ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரங்களில் ஒன்றானது. தேசத்தின் அவமானம் என்று சொல்லப்பட்ட குகைகளில் இன்று விடுதிகள் நடக்கின்றன!

யோசித்துப் பாருங்கள். கல்லும் மாறவில்லை, மலையும் மாறவில்லை. தாங்கக்கூடிய அளவுக்கு மேல் பாரம் ஏற்றியதும், தண்ணீருக்கு விட்ட இடத்தில் ஆளைக் குடிவைத்ததும்தான் தப்பு. நாளை ஒரு பழைய கட்டடத்தை 'உபயோகமற்றது' என்று நாம் எழுதப் போகும்போது, கெட்டது கட்டடமா, நாம் அதைப் பயன்படுத்திய விதமா என்று ஒரு நிமிஷம் நின்று பார்ப்போமே!