கோப்புகளுக்கும் ஒரு ஃப்யூஸ்

தேர்வு முடிவு வெளியாகும் நாள். உங்கள் பதிவெண்ணை ஆவலோடு தட்டுகிறீர்கள். மதிப்பெண்ணுக்குப் பதிலாகப் பிழைச் செய்தி வருகிறது! அங்குள்ள கணிப்பொறியின் வட்டில் இடம் இருக்கிறது. நினைவகமும் மீதம் இருக்கிறது. பின் என்ன கோளாறு? காரணங்கள் பல இருக்கலாம். அதிகம் பேர் அறியாத ஒன்றை இங்கே காண்போம்.

மதிப்பெண்களைச் சேமித்து வைத்து, கேட்டதும் எடுத்துத் தரும் நிரலே தரவுத்தளம். அது ஒரு கோப்பைத் திறந்தால், இயக்க முறைமை அதற்கு ஓர் எண்ணைத் தருகிறது. வங்கியில் தரும் டோக்கன் போன்றது இது. கோப்பை மூடினால் டோக்கன் திரும்பிவிடும். லினக்ஸில், வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு இணைப்புக்கும் இதே டோக்கன்தான்.

ஒரு நிரல் ஒரே சமயத்தில் எத்தனை டோக்கன் வைத்திருக்கலாம்? 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 20தான்! லினக்ஸில் பெரும்பாலும் 1024.

ஒரு கணக்குப் போடுவோம். மோங்கோடிபி என்னும் தரவுத்தளம் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு கோப்பும், அதைத் தேட உதவும் ஒவ்வொரு சுட்டுப்பட்டியலுக்கும் ஒரு கோப்பும் வைத்துக்கொள்கிறது. 100 தொகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் 4 சுட்டுப்பட்டியல்கள் என்றால் 500 கோப்புகள். இணைப்புகள் 600. ஆக 1100. வரம்பு தாண்டிவிட்டது அல்லவா? முன்பே உள்ளே வந்தவர்களுக்கு விடை கிடைக்கும். புதிதாக வருபவர் திருப்பி அனுப்பப்படுவார்.

அப்படியானால் வரம்பே எதற்கு? வீட்டில் ஃப்யூஸ் எதற்கோ, அதற்குத்தான். திறந்த கோப்புகளை மூட மறக்கும் பிழையுள்ள நிரல் ஒன்று, எல்லா டோக்கன்களையும் விழுங்கி மற்ற நிரல்களை முடக்கிவிடக் கூடாது. ஃப்யூஸ் உருகினால் தடித்த செம்புக் கம்பியைக் கட்டலாமா? கூடாது. மின்னோட்டத்தைக் கணக்கிட்டு, தகுந்த இழையைப் போட வேண்டும்.

இங்கும் அப்படியே. லினக்ஸில் வரம்புகள் இரண்டு. மென்வரம்பை நிரல் தானே உயர்த்திக்கொள்ளலாம், ஆனால் வன்வரம்பு வரையில்தான். வன்வரம்பை உயர்த்தும் உரிமை நிர்வாகிக்கே உண்டு. நிர்வாகி தம் திரையில் 'யூலிமிட்' கட்டளையால் வரம்பை மாற்றினால், அங்கிருந்து தொடங்கும் நிரல்களுக்கு மட்டுமே அது பொருந்தும். கணிப்பொறி விழிக்கும்போதே தொடங்கிவிட்ட தரவுத்தளத்துக்குப் பொருந்தாது. அதற்குரிய அமைப்புக் கோப்பில் எழுதி, அதை மீண்டும் தொடங்க வேண்டும். மோங்கோடிபியை உருவாக்கியோர் பரிந்துரைக்கும் வரம்பு 64,000.

ஆனால் ஒன்று: இணைப்புகள் கூடாதபோதும் டோக்கன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், குறை வரம்பில் இல்லை, நிரலில் இருக்கிறது. வரம்பை உயர்த்தினால் கோளாறு தீராது, தள்ளித்தான் போகும்.

உங்களுக்கு ஒரு கேள்வி: மேற்கண்ட கணக்கில் ஒவ்வொரு தொகுப்புக்கும் இன்னும் ஒரு சுட்டுப்பட்டியல் சேர்த்தால், 1024 வரம்புக்குள் எத்தனை இணைப்புகளுக்கு இடம் இருக்கும்?