'பயமா ஒரு படம் சொல்லு': பேய்ப் பட ரசிகருக்கு எதை, எப்படிப் பரிந்துரைப்பது?

"நல்ல பேய்ப் படம் ஒண்ணு சொல்லு" என்று யாராவது கேட்டால், நம்மில் பலர் கைவசம் வைத்திருக்கும் பட்டியல் ஒன்றேதான். 'தி எக்ஸார்சிஸ்ட்', 'தி கான்ஜுரிங்', அப்புறம் 'ஹெரிடிட்டரி'. கேட்பவர் இந்தப் பக்கம் புதுசு என்றால் இது போதும். அவரும் நம்மைப் போல ராத்திரி ரெண்டு மணிக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காரும் ஆள் என்றால், "அதெல்லாம் எப்பவோ பாத்தாச்சு, வேற?" என்று முடித்துவிடுவார்.

அந்த 'வேற?'வுக்குப் பதில் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். மராத்தி, மலையாளம், அசாமி, குஜராத்தி, தமிழ், இந்தி என்று இங்கேயே நல்ல சரக்கு இருக்கிறது. யாருக்கு எதைச் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

எல்லாம் பார்த்தவருக்கு ஏன் பயமே வருவதில்லை?

பேய்ப் படத்தில் இரண்டு வகை பயம் உண்டு. ஒன்று, திடுக்கிடல். திரை அமைதியாக இருக்கும், திடீரென்று ஒரு முகம், காதைப் பிளக்கும் சத்தம். உடம்பு தானாகத் துள்ளும். சத்தத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை இது. குக்கர் விசில் திடீரென்று அடித்தாலும் இதேதான் நடக்கும். நூறு படம் பார்த்தவருக்கு, அந்த அமைதி எப்போது உடையும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். அதனால்தான் அவருக்கு அது வேலை செய்வதில்லை.

இன்னொன்று, திகில். மெதுவாக வந்து மனசுக்குள் உட்காரும். படம் முடிந்து, பல் தேய்த்து, லைட்டை அணைத்த பிறகும் போகாது. இது அவரவர் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பயத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். வாடகை வீடு, கடன், வேலை, அம்மாவின் உடல்நிலை என்று அந்தப் பயம் ஆளுக்கு ஆள் மாறும்.

ஆகவே சக ரசிகரிடம் "எது ரொம்ப பயங்கரம்?" என்று பேச்சைத் தொடங்கினால் எங்கேயும் போய்ச் சேராது. "உனக்கு எதுக்குப் பயம்?" என்று கேளுங்கள். பதிலைப் பொறுத்து படம் மாறும்.

'தமிழ்ல பேய்ப் படம்னாலே காமெடிதானே?'

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். 2007-ல் 'முனி', 2011-ல் 'காஞ்சனா', 2014-ல் 'அரண்மனை' என்று வரிசையாக வந்த பிறகு, தமிழில் பேய் என்றாலே பாதி சிரிப்பு, பாதி பழிவாங்கல் என்று ஆகிவிட்டது. குழந்தைகளோடு தியேட்டருக்கு வரும் குடும்பத்துக்கு அந்தக் கலவை பிடித்தது. இந்தியிலும் 'ஸ்த்ரீ' (2018), 'முஞ்ஜ்யா' (2024) என்று அதே பாதை நன்றாகவே ஓடுகிறது. அதில் தப்பேதும் இல்லை. ஆனால் பயத்துக்காக மட்டுமே உட்காருகிற ரசிகர் அங்கே பசியோடுதான் எழுந்து போவார்.

அவருக்குத் தமிழிலேயே வேறு படங்கள் உண்டு. கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா' (2012), அஸ்வின் சரவணனின் 'மாயா' (2015), அஜய் ஞானமுத்துவின் 'டிமான்டி காலனி' (2015). கடைசியில் சொன்னதில் பெரும்பகுதி நான்கு நண்பர்கள், ஒரு அறை, அவ்வளவுதான். பேச்சிலராக ரூம் எடுத்துத் தங்கியவர்களுக்கு அந்த அறை ரொம்பப் பரிச்சயமாக இருக்கும். பயமும் அதே அளவுக்கு நெருக்கமாக வரும்.

வீட்டைப் பற்றிப் பயப்படுபவருக்கு: 'யாவரும் நலம்'

விக்ரம் கே. குமார் இயக்கி 2009-ல் வந்த படம். இந்தியில் '13பி' என்ற பெயரில் கூடவே எடுக்கப்பட்டது. மாதவன் குடும்பம் பதின்மூன்றாவது மாடியில் புது ஃபிளாட்டுக்குக் குடிவருகிறது. பால் திரிந்துபோகிறது. பூஜை அறைச் சுவரில் ஆணி இறங்க மறுக்கிறது. எல்லாரையும் ஏற்றிச் செல்லும் லிஃப்ட், அவர் ஒருவருக்கு மட்டும் நகர மாட்டேன் என்கிறது. மதியம் டிவியில் ஓடும் ஒரு சீரியல், அந்த வீட்டில் நடப்பதையே காட்டத் தொடங்குகிறது.

இருட்டு பங்களா, ஒட்டடை, கிறீச்சிடும் கதவு எதுவும் இதில் இல்லை. பளிச்சென்ற வெளிச்சம், மாமியார் மருமகள் பேச்சு, சமையலறை சத்தம். பி.சி. ஸ்ரீராமின் கேமரா அந்தச் சாதாரணத்தையே உறுத்தலாக மாற்றிவிடும். மாதா மாதம் ஐந்தாம் தேதி இஎம்ஐ கட்டுகிற நண்பருக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். பேய் வந்தாலும் காலி செய்ய முடியாத வீடு எவ்வளவு பெரிய பயம் என்பது அவருக்குத்தான் புரியும்.

இதே வகையில் ராம் கோபால் வர்மாவின் 'பூத்' (2003). மும்பை அடுக்குமாடியில் குடியேறும் ஒரு தம்பதி. படத்துக்குள் ஒரு பாட்டுகூட கிடையாது. அன்றைய இந்தி சினிமாவில் அதுவே ஒரு துணிச்சல்.

பணம் பற்றி யோசிப்பவருக்கு: 'தும்பாட்'

இந்தியப் பேய்ப் படங்களில் ஒன்றே ஒன்று சொல் என்றால் பல ரசிகர்கள் இதைத்தான் சொல்வார்கள். ராஹி அனில் பார்வே இயக்கிய படம், 2018-ல் வெளியானது. 1918-ல் மகாராஷ்டிரத்தின் ஒரு மழைக் கிராமத்தில் தொடங்கி, சுதந்திரம் கிடைக்கும் 1947 வரை நகரும் கதை. பேராசையின் உருவமான ஹஸ்தர், அவன் காக்கும் தங்கம், அதை எடுக்கத் திரும்பத் திரும்பப் போகும் ஒருவன்.

ஹஸ்தரைவிட அந்த மனிதன்தான் நம்மைப் பயமுறுத்துகிறான். ஆபத்து என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். எவ்வளவு எடுத்தால் போதும் என்பது மட்டும் தெரியாது. தான் கற்றதைத் தன் மகனுக்கும் சொல்லிக்கொடுக்கிறான் பாருங்கள், அங்கே வரும் நடுக்கம் எந்தப் பேயாலும் வராது.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்தப் படம் முக்கியம். முதல் வெளியீட்டில் பெரிதாக ஓடவில்லை. பிறகு ஓடிடியில் பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே பரவியது. 2024 செப்டம்பரில் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது, முதல் ஓட்டத்தைவிட அதிகமாக வசூலித்தது. "இதைப் பாரு" என்று ரசிகர்கள் சொல்வதற்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பெரிய விளம்பரம் இல்லாத பேய்ப் படங்கள் பெரும்பாலும் இந்த வாய்ப் பேச்சை நம்பித்தான் பிழைக்கின்றன.

அதிகாரத்துக்குப் பயப்படுபவருக்கு: 'பிரமயுகம்', 'வஷ்'

ராகுல் சதாசிவன் இயக்கி 2024-ல் வந்த மலையாளப் படம் 'பிரமயுகம்'. முழுக்கக் கறுப்பு வெள்ளை. பதினேழாம் நூற்றாண்டு மலபாரில், தப்பி ஓடிவரும் ஒரு பாணர் குலப் பாடகன், இடிந்துபோன ஒரு மனைக்குள் நுழைகிறான். அங்கே இருப்பது கொடுமண் போற்றியும் ஒரு சமையல்காரனும் மட்டும். தாழ்ந்த சாதி என்று மற்றவர்கள் தள்ளிவைக்கும் அவனை, போற்றி சிரித்த முகத்தோடு பக்கத்தில் உட்காரச் சொல்கிறார். அந்தச் சிரிப்பிலிருந்தே நமக்கு வயிற்றைக் கலக்கத் தொடங்கிவிடும். போற்றியாக மம்மூட்டி, கத்தாமல், ஓடாமல், ஒரு நாற்காலியில் சாய்ந்தபடியே பயமுறுத்துகிறார்.

பகடை ஆட்டத்தில் அந்தப் பாடகன் பணயம் வைப்பது தன்னுடைய காலத்தை. தோற்றால் வெளியே போக முடியாது. ராஜினாமா செய்யவே முடியாத ஓர் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள், படம் உடனே பிடிபடும். அதிகாரம் கைமாறினால் எல்லாம் சரியாகிவிடுமா என்ற கேள்வியோடுதான் படம் உங்களை அனுப்பிவைக்கும்.

குஜராத்திப் படமான 'வஷ்' (2023) இதையே இன்றைய காலத்தில் வைக்கிறது. முன்பின் தெரியாத ஒருவன் ஒரு குடும்பத்தின் மகளைத் தன் வசப்படுத்துகிறான். அவன் சொல்வதை எல்லாம் அவள் செய்வாள், பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அஜய் தேவ்கன், ஜோதிகா, மாதவன் நடித்த 'ஷைத்தான்' (2024) இதன் இந்தி வடிவம். 'யாவரும் நலம்' படத்தில் குடும்பத்தைக் காக்கத் தவித்த மாதவன், இதில் இன்னொருவர் குடும்பத்தைச் சிதைக்க வருகிறார். ரெண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மனசைப் பற்றிப் பயப்படுபவருக்கு: 'பூதகாலம்'

அதே ராகுல் சதாசிவன் 2022-ல் எடுத்த படம். மன அழுத்தத்தால் அவதிப்படும் அம்மாவாக ரேவதி, படித்தும் வேலை கிடைக்காத மகனாக ஷேன் நிகம். பாட்டி இறந்த பிறகு அந்த வாடகை வீட்டில் ஏதோ நடக்கிறது. நடப்பது வீட்டிலா, இவர்கள் தலைக்குள்ளேயா என்று நமக்கும் தெரியாது, அக்கம்பக்கத்துக்கும் தெரியாது. "சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்பதுதான் இந்தப் படத்தின் மொத்த பயமும்.

இதே ரேவதி 1992-ல் ராம் கோபால் வர்மாவின் 'ராத்' படத்தில் பேய் பிடித்த கல்லூரிப் பெண்ணாக நடித்தவர். முப்பது வருஷ இடைவெளியில் ஒரே நடிகை, ஒரே வகைப் படம், முற்றிலும் வேறு மாதிரியான பயம். பழைய ரசிகருக்கு இந்த ஜோடியைச் சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

பாட்டி கதையில் வளர்ந்தவருக்கு: 'கொதாநொதி'

பாஸ்கர் ஹஸாரிகாவின் இந்த அசாமியப் படத்தின் பெயரை நம் மொழியில் 'கதை நதி' எனலாம். அசாமிய எழுத்தாளர் லட்சுமிநாத் பெஸ்பருவா தொகுத்த நாட்டார் கதைகளிலிருந்து நான்கை எடுத்து, குழந்தைகளுக்காக மென்மையாக்காமல் அப்படியே காட்டுகிறது. நான்கிலும் மையம் தாய்மை. மகளை மலைப்பாம்புக்குக் கட்டிவைக்கும் ஒரு தாயும் இதில் உண்டு. இங்கே ஆளைத் தூக்கிவாரிப்போடும் சத்தமே கிடையாது. ஆனால் பாட்டிகள் சொன்ன கதைகளுக்குள் எவ்வளவு ரத்தம் ஒளிந்திருந்தது என்று புரியும்போது கொஞ்ச நேரம் பேச்சு வராது.

சொல்வதற்கு முன் கவனிக்க வேண்டியது என்ன?

முதல் விஷயம், கேட்பவர் இப்போது எப்படி இருக்கிறார் என்பது. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அஸ்வின் சரவணனின் 'கேம் ஓவர்' (2019) நல்ல படம். ஆனால் பாலியல் வன்முறைக்குப் பிறகான அதிர்ச்சியோடு தனியாகப் போராடும் ஒரு பெண்ணின் கதை அது. அண்மையில் வீட்டில் ஒரு சாவைப் பார்த்தவருக்கு 'பூதகாலம்' பொழுதுபோக்காக இருக்காது. மராத்திப் படமான 'லபாசபி' (2017) கர்ப்பிணி ஒருத்தியைச் சுற்றி நடக்கிறது. "இதுல இந்த விஷயம் வரும், பரவாயில்லையா?" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். அதனால் கதை கெட்டுப்போகாது. "இப்ப வேணாம்" என்று பதில் வந்தால், பட்டியலில் வேறு படம் இருக்கிறது. 'பயந்தாங்கொள்ளி' என்று கிண்டல் செய்து பார்க்கவைப்பது மட்டும் வேண்டாம்.

இரண்டாவது, ட்விஸ்ட். "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு பாரு" என்று சொல்வதே பாதி ஸ்பாய்லர். 'பீட்சா' மாதிரிப் படத்துக்கு அது முழு ஸ்பாய்லர். முதல் பத்து நிமிடத்துக் கதையைத் தாண்டி எதுவும் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, சத்தம். திகில் படத்தில் பாதி வேலையைச் செய்வது ஒலிதான். மெட்ரோவில் போனில் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்லையே" என்பவர், படத்தில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார். இருட்டு, ஹெட்போன், போன் சைலன்ட். 'பிரமயுகம்' மாதிரிப் படங்களை டப்பிங்கில் பார்க்காமல் மூல மொழியில், சப்டைட்டிலோடு பார்க்கச் சொல்லுங்கள்.

சுருக்கமாக, யாருக்கு எது?

• புது வீடு வாங்கியவர், வீட்டுக்கடன் கட்டுபவர்: 'யாவரும் நலம்', 'பூத்'
• பணம், லாபம், 'இன்னும் கொஞ்சம்' என்று ஓடுபவர்: 'தும்பாட்'
• மேலே இருப்பவர் பிடியில் மாட்டிக்கொண்டதாக நினைப்பவர்: 'பிரமயுகம்', 'வஷ்'
• தன் மனசையே சந்தேகிக்கும் கதை பிடிப்பவர்: 'பூதகாலம்', 'ராத்'
• நாட்டார் கதை, மெதுவான திகில் பிடிப்பவர்: 'கொதாநொதி'
• தமிழில் சிரிப்பு கலக்காத பயம் கேட்பவர்: 'மாயா', 'டிமான்டி காலனி', 'பீட்சா'

எந்தப் படம் எந்த ஓடிடியில் இருக்கிறது என்பது அடிக்கடி மாறும், தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பத்துப் படப் பட்டியலை அனுப்பினால் யாரும் ஒன்றைக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒன்றே ஒன்றைச் சொல்லி, "இதை ஏன் உனக்குச் சொல்றேன் தெரியுமா?" என்று ஒரு காரணத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மறுநாள் காலையில் "நைட்டெல்லாம் தூங்கல" என்று திட்டி மெசேஜ் வந்தால், சரியான படத்தைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.