எல்லாம் அடக்கம்... டாக்டர் மட்டும் தனி!

கடற்கரை என்றால் எனக்குத் திருச்செந்தூர்தான். புளியோதரை, தயிர்சாதம், ஒரு தூக்குவாளி தண்ணீர், மாற்றுப் புடவை. நாழிக்கிணற்றில் குளித்துவிட்டு, மணலில் ஜமுக்காளம் விரித்து எல்லாருக்கும் பரிமாறி முடித்து நான் உட்காரும்போது, தூக்கின் அடியில் ஒட்டியிருப்பதுதான் எனக்கு மிஞ்சும். நாற்பது வருஷமாக அப்படித்தான். அதில் குறையொன்றும் கண்டதில்லை.

அப்பேர்ப்பட்டவளை, 2023 ஏப்ரலில் மெக்சிகோ தேசத்துக் கான்குன் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள் என் மகனும் மருமகளும். நாங்கள் அப்போது நியூஜெர்சியில் அவர்களோடு இருந்தோம். பேரனுக்கு ஒரு வாரம் பள்ளி விடுமுறை. நியூயார்க் பக்கத்திலிருந்து விமானத்தில் நாலு மணி நேரம்தான். அமெரிக்க விசா கையில் இருந்ததால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவைப்படவில்லை.

"எம்மா, அங்கே எல்லாம் அடக்கம். ரூம், சாப்பாடு, காபி, ஐஸ்கிரீம் எல்லாத்துக்கும் முன்னாடியே பணம் கட்டியாச்சு. பர்ஸை எடுக்கவே வேண்டாம்" என்றான் மகன். எவ்வளவு என்று கேட்டு, மனசுக்குள் எண்பத்திரண்டால் பெருக்கிப் பார்த்தேன். தலை சுற்றியது. நம் வீட்டில் ஒரு பெண் கல்யாணத்துக்குப் பந்தி போட்டுவிடலாம்!

இந்த ஏற்பாடெல்லாம் மருமகள் செய்தது. அவள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. மறைக்காமலே எழுதுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் கடையில் வாங்கிய சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரை தூக்கம், எப்போது பார்த்தாலும் கம்ப்யூட்டர். எங்கே போனாலும் தோளில் ஒரு பெரிய பை. அதற்கு நான் வைத்த பெயர் 'மளிகைக் கடை'. அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டல் என்று சொன்னால் போதாது, ஒரு ஊர் மாதிரி இருந்தது. உள்ளே போகவர குட்டிப் பேருந்து ஓடுகிறது. வாசலிலேயே கையில் ஒரு பட்டையை மாட்டிவிட்டார்கள். கத்தரித்தால்தான் கழற்ற முடியும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் அது கையில்தான். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குக் கட்டுவார்களே, அந்த ஞாபகம்தான் வந்தது எனக்கு. அந்தப் பட்டையைக் காட்டினால் எது வேண்டுமானாலும் கிடைக்கும்.

இந்த முறையை முதலில் பிரபலப்படுத்தியது க்ளப் மெட் என்ற நிறுவனமாம். 1950-ல் ஸ்பெயின் பக்கத்து மயோர்கா தீவில், வெறும் கூடாரங்களோடு ஆரம்பித்தார்கள் என்று மகன் சொன்னான். கான்குனும் பழைய ஊர் இல்லை. 1970 வாக்கில் மெக்சிகோ அரசாங்கமே திட்டம் போட்டு, ஆளரவமற்ற மணல் திட்டில் கட்டிய ஊர். முதல் ஓட்டல்கள் திறந்ததே 1974-ல்தான். எங்கள் கல்யாண வருஷமும் அதுதான் என்று இவர் சொல்லிச் சிரித்தார்.

கடல் என்ன நிறம் என்கிறீர்கள்! மயில் கழுத்துப் பச்சையும் நீலமும். மணல் கோலப்பொடி மாதிரி வெளுப்பு. சுண்ணாம்புச் சத்துள்ள மணலாம், உச்சி வெயிலில் நடந்தாலும் கால் சுடவில்லை. ஆனால் படத்தில் காட்டுகிற கடல் தினமும் கிடைக்காது. இரண்டாம் நாள் காலையில் கரையெல்லாம் பழுப்புப் பாசி ஒதுங்கிக் கிடந்தது. 2011 முதல் அந்தப் பக்கக் கடல்களில் இப்படிக் குவியல் குவியலாக வருகிறதாம். அழுகினால் முட்டை நாற்றம். விடியுமுன்னே ஆட்கள் வாரி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பீன்ஸ்தானே என்று போட்டுக்கொள்ளாதீர்கள். பன்றிக் கொழுப்பில் தாளிப்பது அங்கே வழக்கம். சோற்றையும் சில சமயம் கோழி வேகவைத்த தண்ணீரில் சமைக்கிறார்கள். 'சின் கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டே ஐந்து நாள் ஓட்டினேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு மூலைதான். அங்கே என் வயசுக்காரம்மா ஒருத்தி தோசைக்கல் மாதிரி ஒரு கல்லில் சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட்டு, தோலைக் கழுவி எடுத்து அரைப்பார்களாம். ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழக்கம். அப்படிச் செய்தால்தான் மாவு சேர்ந்து வரும், சத்தும் உடம்பில் ஒட்டும் என்று மருமகள் விளக்கினாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்து அந்தம்மா ஒரு உருண்டை மாவை என் கையில் கொடுத்தாள். வட்டமாகத் தட்டிக் கல்லில் போட்டேன். உப்பிக்கொண்டு வந்தது! இரண்டு பேரும் கைகொட்டிச் சிரித்தோம். பாஷை என்ன வேண்டிக் கிடக்கு?

மிளகாய், தக்காளி, கொய்யா எல்லாம் அந்தப் பக்கத்துச் சரக்குதான். போர்ச்சுகீசியர் கப்பலில் மிளகாய் வந்து சேருமுன் நம் பாட்டிமார் குழம்புக்குக் காரம் மிளகுதான். தோட்டத்தில் சப்போட்டா மரம் நின்றது. அதற்கும் அதுதான் பிறந்த வீடாம். அதன் பாலைக் காய்ச்சித்தான் முன்பு சூயிங்கம் செய்தார்களாம். நம் வீட்டுக் கொல்லையில் நிற்கிற மரத்துக்கு இப்படி ஒரு கதை! பதிலுக்குப் புளி கடல் தாண்டி அங்கே போய், 'தமரிந்தோ' என்ற பெயரில் சர்பத்தாக நிற்கிறது. குடித்தால் ஏலக்காய் போடாத பானகம்.

இந்தச் சர்பத்து, கேக், ஐஸ்கிரீம் எல்லாம் இவரைப் பார்த்துக் கண்ணடித்தன. இவருக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. நான் இனிப்புப் பக்கம் போகவிடாமல் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தேன். கூடிவிடுமோ என்றுதான் பயமே தவிர, குறைந்துவிடும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள். பேரனோடு மத்தியானம் முழுக்க நீச்சல் குளத்தில் ஆட்டம். சாயங்காலம் கடற்கரையில் நீண்ட நடை. இரவு, உள்ளேயே இருக்கும் இத்தாலி ஓட்டலில் எட்டரைக்கு இடம் பிடித்திருந்தார்கள். அங்கெல்லாம் முன்கூட்டிப் பெயர் கொடுத்தால்தான் மேஜை. இவருடைய மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுவது. தன் பழைய எச்.எம்.டி. வாட்சைப் பார்த்து எட்டு மணிக்குப் போட்டுக்கொண்டார். அந்த வாட்ச் நியூஜெர்சி நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. கான்குனில் அப்போது மணி ஏழு! ஏப்ரலில் அங்கே ஒரு மணி நேரம் பின்தங்கி இருக்கும். இவர் அதை மாற்றவும் இல்லை, நாங்கள் கவனிக்கவும் இல்லை.

எட்டரைக்குப் போனால் மேஜை காலியாகவில்லை. ஒன்பதுக்கு உட்கார்ந்தோம். இவர் ஒன்றும் பேசவில்லை. அசதி என்று நினைத்தேன். திடீரென்று பேரனைப் பார்த்து, "யார்ல நீ?" என்றார். சட்டையெல்லாம் தொப்பலாக வேர்வை. கை வெடவெடவென்று நடுங்குகிறது. எனக்கு நெஞ்சுவலியோ என்று தோன்றி அலறிவிட்டேன். மகன் எழுந்து ஆளைக் கூப்பிட ஓடினான். பரிமாறுகிற பையன் ஒரு கோலா கொண்டுவந்தான். பாவம், சர்க்கரை வியாதி என்று காதில் விழுந்ததால் சர்க்கரை இல்லாத கோலாவாகப் பார்த்துக் கொண்டுவந்திருக்கிறான்.

"அது வேண்டாம்! அதுல ஒண்ணும் இல்ல" என்றாள் மருமகள். சத்தம் போடவில்லை. 'மளிகைக் கடை'க்குள் கையை விட்டாள். ஒரு டப்பா குளுகோஸ் மாத்திரை. "மாமா, இதை மெல்லுங்க. மெல்லுங்க மாமா... இன்னொண்ணு." நாலு மாத்திரை மென்று விழுங்கவைத்தாள். அதே பைக்குள்ளிருந்து சர்க்கரை பார்க்கும் கருவியும் வந்தது. விரலில் குத்தினாள். 48! எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்தாம். கால் மணி கழித்து மறுபடி பார்த்தாள். 69. இன்னும் மூன்று மாத்திரை. அதற்குப் பிறகு ரொட்டி. நான் கேக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். "அத்தை, கேக்ல கொழுப்பு இருக்கு, சர்க்கரை மெதுவாத்தான் ஏறும். அதை அப்புறம் குடுங்க" என்று தடுத்துவிட்டாள்.

அரை மணியில் இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "என்னளா, எல்லாரும் என் மூஞ்சியையே பாக்கீங்க?" என்றார். அப்போதுதான் என் அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

அங்கிருந்த டாக்டர் வந்து பார்த்தார். நல்ல மனுஷன். இந்த மாதிரி மாத்திரைக்குப் பிறகு சர்க்கரை திரும்பவும் இறங்கலாம், ராத்திரி முழுக்க அடிக்கடி பாருங்கள் என்றார். கையில் பட்டை இருக்கிறதே என்று நான் அதை நீட்டினேன். மருத்துவம் அதில் சேராதாம்! முந்நூற்றுச் சொச்சம் டாலருக்குப் பில் வந்தது. சாராயம் எவ்வளவு குடித்தாலும் அடக்கம், டாக்டர் மட்டும் தனி! பயண இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் திரும்பக் கிடைத்திருக்குமாம். என் பிள்ளை அதற்குப் பணம் கட்டாமல் மிச்சம் பிடித்திருக்கிறான். இப்படிப் போகிற சகோதரிகள், 'எல்லாம்' என்றால் எதெல்லாம் என்று ஒருமுறை உட்கார்ந்து படித்துவிட்டுப் போங்கள்.

அன்று ராத்திரி எனக்கு எப்போது கண்ணயர்ந்தது என்று தெரியவில்லை. விழித்தபோது மணி நாலு. மருமகள் இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, தூங்குகிறவர் விரலைப் பிடித்து ரத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டுத்தாளில் மணியும் அளவும் எழுதியிருந்தாள். பத்தரை, பன்னிரண்டு, இரண்டு, நாலு.

"நீ போய்ப் படுத்துக்கோம்மா, நான் பாக்கேன்" என்றேன்.

"இருக்கட்டும் அத்தை. எனக்கு இது பழக்கம்தான். அப்பாவுக்கு அடிக்கடி இப்படி இறங்கிடும். பத்தாவது படிக்கும்போது நான்தான் அலாரம் வச்சு எந்திரிச்சுப் பாப்பேன். அம்மாவுக்கு நம்பர் படிக்கத் தெரியாது."

சம்பந்தி கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். எட்டு வருஷமாக மருமகள். அவள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. அவருக்கு என்ன பிடிக்கும் என்று அப்போதுதான் கேட்டேன். சொதி என்றாள். நம்மூர்ச் சொதி! விடிகிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். இடையில் ஒரு தடவை, "உங்க பையன் கூட அந்தப் பையை மளிகைக் கடைன்னுதான் சொல்றாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

காலையில் அவளைத் தூங்கச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, சாப்பாட்டுக் கூடத்துக்கு நான் தனியாகப் போனேன். அந்த ரொட்டிக்காரம்மாவிடம் நாலு ரொட்டி வாங்கி, பப்பாளி, தக்காளிச் சட்டினி எல்லாம் ஒரு தட்டில் வைத்து மூடிக்கொண்டுவந்தேன். அறையைச் சுத்தம் செய்கிற பெண் வாசலில் நின்றாள். தினமும் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைத்துவிட்டுப் போவாளே, அவள்தான். கன்னத்தில் கை வைத்து, 'தூங்குகிறாள்' என்று ஜாடை காட்டினேன். அவளும் வாயில் விரல் வைத்துக்கொண்டு, வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனாள். ஊருக்குக் கிளம்பும் அன்று அவள் கையில் பத்து டாலர் கொடுக்கச் சொன்னேன். மகன் தலையாட்டுமுன் மருமகள் பர்ஸைத் திறந்துவிட்டாள்.

மீதி இரண்டு நாளும், மணி அடிக்காத குறையாக, "மாமா, இப்போ மாத்திரை" என்று அவள்தான் கூப்பிட்டாள். தட்டு மேஜைக்கு வந்த பிறகுதான் கூப்பிடுவாள். இவரிடமிருந்து வாட்சைப் பிடுங்கி நேரத்தைத் திருப்பி வைக்கப் போனேன். "விடுங்க அத்தை, அது மாமாவோட வாட்ச்" என்று சொல்லிவிட்டாள்.

நியூஜெர்சியில் வந்து இறங்கினோம். விமானநிலையக் கடிகாரத்தையும் தன் மணிக்கட்டையும் இவர் மாறி மாறிப் பார்த்தார். "பாத்தியாளா? என் வாட்ச் கரெக்டாத்தான் இருக்கு!"

— ஒரு வாசகி, திருநெல்வேலி.