நாற்பத்தெட்டு மணி நேரத்திற்கு அப்பால்

சென்னையிலிருந்து கும்பகோணம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும் கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும் வடலூரில் ஒன்றையொன்று கடக்கின்றன. பசித்து வருவோர்க்குச் சோறிட 1867இல் வள்ளலார் தருமச்சாலை நிறுவிய ஊர் இது. இன்று நெய்வேலிச் சுரங்கங்களுக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் முறைப்பணிக்குச் செல்வோரின் இருசக்கர வண்டிகளும், சரக்குந்துகளும், தொலைதூரப் பேருந்துகளும் இவ்வழிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. தலைக்கவசமின்றிச் சுரங்கத்தில் இறங்க விதி இடங்கொடாது. வீடு திரும்பும் சாலையிலோ அவ்வொழுங்கு தளர்ந்துவிடுகிறது. வண்டியோட்டிகளின் தலைக்கவசம் தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் இறப்பு வாய்ப்பை 42 விழுக்காடும் குறைப்பதாக 2008இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கணித்தது.

விபத்தைத் தடுப்பது ஒரு கடமை. விபத்தில் பிழைத்தவரை வாழவைப்பது மற்றொரு கடமை. முதலாவதைப் பற்றிப் பலகைகள் எழுதி வைத்திருக்கிறோம். இரண்டாவதைப் பற்றி வீட்டுக்குள்கூடப் பேசுவது அரிது.

இரு காயங்கள்

ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள மூளை, உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே. ஆயினும் உடல் பெறும் உயிர்வளியில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே செலவிடுகிறது. பனங்காய்க்குள் நுங்குபோல, வன்மையான ஓட்டுக்குள் மென்மையாக, நீர் சூழக் கிடக்கிறது. விரையும் வண்டி மோதி நிற்கும்போது மண்டையோடு நின்றுவிடும். மூளை நில்லாமல் முன்னே சென்று மோதும், மீண்டு பின்னே மோதும். தலை சுழன்று விழுந்தால் கேடு இன்னும் பெரிது. மூளையின் பகுதிகள் வெவ்வேறு விரைவில் திரும்ப, நரம்பணுக்களை இணைக்கும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டுச் சிதைகின்றன. மண்டையோட்டில் கீறலே இல்லாமலும் இது நேரலாம். சிடி ஸ்கேன் படம் பெரும்பாலும் இயல்பாய்த் தோன்ற, நோயாளி நினைவின்றிக் கிடப்பதற்கு இச்சிதைவு காரணமாகலாம்.

இது முதற்காயம். நிகழ்ந்தபின் அதை எந்த மருத்துவமும் நிகழாததாக ஆக்க முடியாது. அடுத்த மணிகளிலும் நாள்களிலும் வளர்வது இரண்டாங்காயம். மண்டையோடு விரிந்து இடந்தராது. உள்ளே வீக்கமோ குருதிக்கசிவோ கூடினால் அழுத்தம் உயரும். அழுத்தம் உயர்ந்தால் புதுக்குருதி உட்புகாது. குருதி கிட்டாத பகுதி மேலும் வீங்கும். இந்தச் சுழலை அறுப்பதே தலைக்காய மருத்துவத்தின் முதற்பணி.

ஒருவகைக் காயம் உறவினரை ஏமாற்றும். மூளையுறைக்கு வெளியே தமனி கிழிந்து குருதி தேங்கும்போது, அடிபட்டவர் எழுந்தமர்ந்து தெளிவாகப் பேசக்கூடும். சில மணி நேரத்தில் நினைவிழப்பார். “நல்லாத்தானே பேசினாரு, டீகூடக் குடிச்சாரே” என்ற அழுகைக்குப் பின்னே இருப்பது பல வேளைகளில் இதுதான். காலத்தே அக்குருதிக்கட்டியை அகற்றினால் முழு நலம் பெறவும் வாய்ப்புள்ள காயம் அது. எனவே, மயங்கி விழித்தவர் வாந்தி எடுத்தாலோ, தலைவலி மிகுந்தாலோ, உறக்கத்தில் ஆழ்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது.

1974இல் கிளாஸ்கோ நகரின் டீஸ்டேல், ஜென்னட் என்னும் அறிஞர் இருவர் நினைவுநிலையை அளக்கும் முறையொன்றை வகுத்தனர். கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள். எட்டும் அதற்குக் கீழும் கடுங்காயம். தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில் உறவினர் கேட்டறியும் எண் இதுவே.

இந்த மணி நேரங்களின் அருமையைத் தமிழகம் உணர்ந்திருக்கிறது. 108 அவசர ஊர்தி 2008இல் இங்கு ஓடத் தொடங்கியது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர்க்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கிறது. 49ஆம் மணி நேரத்திலிருந்து தொடங்குவது வேறொரு நெடும்பயணம்.

வேலூர் காட்டிய வழி

1962 மார்ச்சில் பார்படோசில், இந்திய மட்டைப்பந்து அணித்தலைவர் நாரி கான்ட்ராக்டரின் தலையை சார்லி கிரிஃபித் வீசிய பந்து தாக்கியது. மண்டையோடு உடைந்து, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்தார். மேற்கிந்தியத் தீவுகள் அணித்தலைவர் ஃபிராங்க் வோரல் குருதி ஈந்தார். தாயகம் திரும்பியபின் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி அவருடைய மண்டையோட்டில் உலோகத் தகடு பொருத்தினார். கான்ட்ராக்டர் மீண்டும் களம் கண்டு முதல்தர ஆட்டங்கள் ஆடினார். நாட்டுக்காக ஆடும் வாய்ப்பு மட்டும் திரும்பவில்லை. அத்தகட்டை 60 ஆண்டுகள் சுமந்தபின், 2022இல் மும்பையில் அகற்றினர். மூளைக்காயத்திலிருந்து மீள்தல் எத்தகையது என்பதற்கு அவ்வாழ்வு நேர்மையான சான்று: பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும், சில திரும்பா, வாழ்வு மட்டும் நிறைவாகத் தொடரலாம்.

மான்ட்ரியலில் நரம்பறுவை மருத்துவர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய சாண்டி, இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை வேலூரில் தொடங்கிய ஆண்டு 1949. அவ்வாண்டே, அதே மான்ட்ரியலில் டொனால்ட் ஹெப் என்னும் உளவியலறிஞர், சேர்ந்து இயங்கும் நரம்பணுக்களின் இணைப்பு வலுப்பெறும் என்னும் கருத்தை நூலாக வெளியிட்டார். அழிந்த நரம்பணுக்கள் பெரும்பாலும் மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் எஞ்சிய அணுக்கள் புது இணைப்புகளை அமைத்து, இழந்த பணியின் ஒரு பகுதியை ஏற்கின்றன. அதற்கு வேண்டுவது ஓயாத பயிற்சி. பொத்தான் போடுதல், பெயர் சொல்லுதல், பத்தடி நடத்தல் ஆகிய சிறு செயல்களை நூறு நூறு முறை செய்விக்கும் இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் மூளையின் இணைப்புகளையே திருத்துகின்றனர். முன்னேற்றம் முதல் ஆறு மாதங்களில் விரைவாகவும், பின்னர் மெல்லவும், ஈராண்டு கடந்தும்கூட நிகழ்கிறது.

காணாத குறைகள்

கை கால் குறை கண்ணுக்குத் தெரியும், ஊர் இரங்கும். முன்மடற் காயம் கண்ணுக்குத் தெரியாது. திட்டமிடல், தொடங்கல், சினமடக்கல் ஆகியவை அம்மடலின் பணிகள். அது பழுதுபட்டவர் காலையிலிருந்து கட்டிலிலேயே அமர்ந்திருப்பார். வீடு அவரைச் சோம்பேறி என்னும். சிறு ஒலிக்கும் சீறுவார், திமிர் என்னும். அரைமணி உரையாடலில் களைத்துப் போவார், நடிப்பு என்னும். “ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது வேற ஆளு” என்று மனைவி சொல்லும்போது, அச்சொல்லில் உடலியல் உண்மை உண்டு.

இக்குறைகளை வசவு மாற்றாது, ஒழுங்கு மாற்றும். நாள்தோறும் ஒரே நேரத்தில் உணவும் உறக்கமும், ஒரு வேளைக்கு ஒரே பணி, மறப்பவர்க்குக் குறிப்பேடு, பேச்சின்போது அணைத்து வைத்த தொலைக்காட்சி ஆகியவை செலவில்லாத மருந்துகள். வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்துதலும் மது அருந்துதலும் பெருங்கேடு தரும்.

வேலையும் சட்டமும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறைபாடுகளில் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. மூளைக்காயம் அவற்றில் தனிப்பெயராய் இல்லை. கை கால், பார்வை, பேச்சு, மனநலம் என விளைவின் பெயரிலேயே சான்று பெற வேண்டும். அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் குறைபாடுற்ற ஊழியரை அரசு நிறுவனங்கள் நீக்கவோ பதவியிறக்கவோ கூடாதென்கிறது. பழைய வேலைக்குத் தகாதவர்க்கு அதே ஊதிய நிலையில் வேறு வேலை தர வேண்டும். அரசு நிறுவனமான நெய்வேலி என்.எல்.சி. இந்தியாவின் நிலையான பணியாளர்க்கு இது வலிய அரண். முந்திரித் தோப்பில் கூலிக்குச் செல்பவர்க்கும் சொந்தமாய்ச் சிறுகடை வைத்தவர்க்கும் அத்தகைய அரண் இல்லை. மீட்புப் பயிற்சிக்காக வாரந்தோறும் பேருந்தேறிப் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ செல்ல இயலாதவரும் அவர்களே.

இதற்கும் வேலூரே வழி காட்டியது. அங்கு மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்தபின்னும் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை மருத்துவம் செய்தவர். உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் 1966இல் அங்கு உருவாக அவரே காரணர். அறுவை அரங்கும் பயிற்சிக்கூடமும் ஒரே மருத்துவத்தின் இரு பாதிகள் என்பதை இந்நாடு அன்றே கண்டுவிட்டது. அப்பயிற்சிக்கூடம் வட்ட மருத்துவமனை வரை வந்து சேர வேண்டும். முதல் 48 மணி நேரத்துக்குப் பொறுப்பேற்ற அரசு, அடுத்த 48 மாதங்களுக்கும் பொறுப்பேற்றால்தான் காத்த உயிர் வாழ்வாகும்.