சக்கரம் இறங்கிய பின் கதவு எங்கே?

ஜெட் போர் விமானத்தின் மாதிரி ஒன்றைச் செய்து முடித்த நண்பரிடம், “இதன் வயிற்றுக் கதவுகள் ஏன் திறந்திருக்கின்றன?” என்று கேட்டுப் பாருங்கள். “பெட்டியின் மேலிருந்த படத்தில் அப்படித்தான் இருந்தது” என்பார். அது விடையாகுமா? விமானம் அந்த வேளையில் இறங்குகிறதா, நிற்கிறதா, பழுது பார்க்கப்படுகிறதா என்பதைக் கதவின் நிலையே காட்டிவிடும்.

சக்கர அறைக் கதவுகள் இரு வகை. காலோடு பிணைந்த கதவு ஒன்று. கால் இறங்கினால் அதுவும் இறங்கும். விமானத்தின் உடலில் கீல் வைத்துப் பொருத்திய கதவு மற்றொன்று. குழப்பமெல்லாம் இதில்தான். பல விமானங்களில் இக்கதவு முதலில் திறக்கும். கால் இறங்கிப் பூட்டிக்கொண்டதும் மீண்டும் மூடிக்கொள்ளும். திறந்தே கிடந்தால் காற்றைத் தடுக்கும். ஓடுபாதையின் கல்லும் நீரும் அறைக்குள் தெறிக்கும் அன்றோ? அமெரிக்கச் சேபர் ஜெட்டின் உட்கதவுகள் இத்தகையவை. தரையில் நிற்கும்போது அவை பெரும்பாலும் மூடியே இருக்கும்; பழுது பார்க்கும்போது திறந்து வைப்பார்கள்.

இக்கதவுகளை இயக்குவது எண்ணெய் அழுத்தம். இயந்திரம் நின்றபின் அழுத்தம் குறையும். அப்போது கொக்கி தாங்கினால் கதவு மூடியே நிற்கும். தாங்காவிட்டால் தன் எடையாலேயே மெல்லத் தொங்கிவிடும். ஜெட் காலத்துக்கு முந்திய மஸ்டாங் விமானம் இதற்குப் பேர்போனது.

நம் பெங்களூரிலேயே பிறந்த ஜெட் மாருத். ஜெர்மானியப் பொறியாளர் கர்ட் டாங்க் தலைமையில் உருவாகி, 1961 ஜூன் 17-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. அன்று அதை ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். 1970-இல் மாருத் விபத்தொன்றிலேயே அவர் உயிர் நீத்தார். அவர் பெயரைத் தாங்கிய சாலை நகரின் கிழக்கே இருக்கிறது. 1971 போரில் பணியாற்றிய மாருத், 1990-ஆம் ஆண்டளவில் ஓய்வு பெற்றது. இன்று வானில் அதைக் காண வழியில்லை.

நீலசந்திராவில் வாழும் நம் நண்பர்கள் கிழக்கே பழைய விமான நிலையச் சாலை வழியாகச் சென்றால், எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் மாருத்தை நேரில் காணலாம். கீல் எங்கே, கதவின் தகடு எவ்வளவு மெல்லியது என்பவற்றை அங்கே குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் கதவின் நிலைக்கு அதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். காட்சிக்கு நிறுத்திய விமானத்தில் அழுத்தம் இல்லை. கதவைக் கட்டியிருக்கலாம், கழற்றியும் இருக்கலாம். நிலையை அறிய, விமானம் பணியிலிருந்த காலத்துப் புகைப்படங்களையே தேடுங்கள். அது இறங்கும் படமா, ஓடி வந்து நின்ற படமா, பழுது பார்க்கும் படமா என்று பிரித்தறியுங்கள். ஒரு படத்தோடு நில்லாமல் பல படங்களை ஒப்பிடுங்கள்.

72-இல் ஒரு பங்கு அளவில் செய்தால் மாருத் சுமார் 22 சென்டிமீட்டர் நீளமே வரும். அதன் கதவோ விரல் நுனியில் அடங்கும். எனினும், பறப்பதை நிறுத்திவிட்ட விமானத்தை நம் தம்பி தங்கையர் கையிலெடுத்துப் பார்க்கப்போவது இம்மாதிரி வடிவில்தான். அவர்களுக்குச் சரியானதைக் கொடுப்பது நம் கடமை.