கர்துங் லாவுக்கு எத்தனை நாள் லீவு?

ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் இருக்கின்றன. அந்த நிறுவனத்தின் வண்டிகளில் ஒன்றுக்குப் பெயரே ஹிமாலயன். ஒரகடம் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட உயரமில்லை. ஹிமாலயன் வாங்குகிறவர் ஒருநாள் ஏறிப்பார்க்க ஆசைப்படும் லடாக்கின் கர்துங் லா கணவாயோ 5,359 மீட்டர். கணவாயில் வெகுகாலம் நின்ற பலகை 5,602 மீட்டர் என்றது. அதில் 243 மீட்டர் மிகை.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்டு வேலை பார்க்கும் ஒருவர் லடாக் போகக் கணக்குப் போட்டால் பெட்ரோல், ஜாக்கெட், அறை வாடகை எல்லாம் வரிசையாக வந்துவிடும். பனிக்கும் காற்றுக்கும் அதில் வரி இருக்காது. போனில் வானிலை இலவசம், அதற்கு என்ன செலவு என்ற எண்ணம்தான். செலவு உண்டு. அதை ரூபாயில் எழுதினால் சிறிய தொகை. லீவில் எழுதினால் பெரிய தொகை.

வரவு: போன் காட்டும் மூன்று எண்கள்

செப்டம்பர் கடைசியில் ஒரு மாலை, லே நகருக்கான முன்னறிவிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: வெப்பம் 10 டிகிரி, காற்று மணிக்கு 20 கி.மீ., மழை 5 மி.மீ. ஊட்டியில் டிசம்பரைப் பார்த்தவருக்கு இது ஒன்றுமேயில்லை. ஆனால் இந்த மூன்றும் 3,500 மீட்டரில் இருக்கும் ஊரின் எண்கள். வண்டி போகப்போவது 1,859 மீட்டர் மேலே.

டிகிரி: உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். 1,859 மீட்டருக்கு 12 டிகிரி. லேயில் 10 என்றால் கணவாயில் மைனஸ் 2.

மணாலியிலிருந்து புறப்பட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது. மணாலி 2,050 மீட்டர், வழியிலுள்ள பாரலாச்சா லா சுமார் 4,890 மீட்டர். இடைவெளி 2,840 மீட்டர். 18 டிகிரிக்கு மேல் குறைய இடமிருக்கிறது. மணாலி 18 டிகிரி வெயிலில் இருக்கும்போது பாரலாச்சாவில் தண்ணீர் உறையலாம்.

காற்று: முதலில் அலகைப் பார்க்க வேண்டும். சில செயலிகள் கிலோமீட்டரில் சொல்லும், சில நொடிக்கு மீட்டரில், சில நாட் (knot) அலகில். நொடிக்கு 10 மீட்டர் என்றால் மணிக்கு 36 கி.மீ.; 10 நாட் என்றால் 18.5 கி.மீ. வெறும் 10-ஐப் பார்த்துக் கிளம்பியவர் கணக்கில் பாதிக்குப் பாதி பிசகும்.

அடுத்தது பைக் ஓட்டுகிறவருக்கு மட்டுமே உரிய கணக்கு. எதிர்காற்று 20 கி.மீ., வண்டி 40 கி.மீ. என்றால் மார்பில் அடிப்பது 60 கி.மீ. காற்று. கனடாவும் அமெரிக்காவும் 2001-இல் ஏற்றுக்கொண்ட காற்றுக்குளிர் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், மைனஸ் 2 டிகிரியில் நிற்பவரின் தோல் உணர்வது ஏறக்குறைய மைனஸ் 8. வண்டியில் போகிறவர் உணர்வது மைனஸ் 11.5. போன் காட்டிய 10-க்கும் தோல் உணரும் எண்ணுக்கும் நடுவே 21 டிகிரிக்கு மேல். அது முதலில் தெரிவது பிரேக் பிடிக்கும் விரல்களில். கையுறை சாதாரணமானது என்றால், வளைவில் லிவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்றே விரலுக்குப் புரியாது.

ஒரு சலுகையும் உண்டு. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 58 சதவீதம்தான். பக்கவாட்டில் அடிக்கும் 60 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரை ஒரகடத்தில் சுமார் 17 கிலோ எடையளவு தள்ளும். கணவாயில் 10 கிலோவளவு. ஆனால் எஞ்சினுக்குப் போவதும் அதே மெலிந்த காற்று. 452 சி.சி. ஹிமாலயனின் 40 குதிரைத்திறன், அடர்த்திக் கணக்குப்படி 23 பக்கம் இறங்கிவிடும்.

பனி: முன்னறிவிப்பு பனியையும் பெரும்பாலும் நீரின் மில்லிமீட்டரிலேயே சொல்லும். பொதுவான விகிதம் ஒன்றுக்குப் பத்து: 1 மி.மீ. நீர் 1 செ.மீ. புதுப்பனி ஆகும். குளிர் கடுமையானால் பனி இன்னும் பஞ்சாக விழுந்து உயரம் கூடும். லேயில் 5 மி.மீ. தூறல் என்றால், அதே அளவு மேலே விழுந்தாலே 5 செ.மீ. பனி. இரண்டு சக்கர வண்டிக்கு அது போதும்.

சாலையைத் திறப்பவர்களின் கணக்கு வேறு. 30 செ.மீ. புதுப்பனி, 4 மீட்டர் அகலச் சாலை, 1 கி.மீ. நீளம்: 1,200 கன மீட்டர். கன மீட்டருக்கு 100 கிலோ வீதம் 120 டன். இதை அள்ளுவது 1960-இல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு. அவர்கள் வேகம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதற்கு, ஸ்ரீநகர்–லே பாதையிலுள்ள ஸோஜி லா கணவாய் மூடிக்கிடந்த நாட்களே சான்று:

- 2021: 110 நாள்
- 2022: 73 நாள்
- 2023: 68 நாள்
- 2024: 35 நாள்
- 2025: 32 நாள்

முன்பு ஐந்தாறு மாதம் மூடிக்கிடந்த பாதை இது. மணாலி பக்கத்தில் 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்து ரோதாங் கணவாயில் ஏறும் தேவையை நீக்கிவிட்டது. சாலை திறந்திருக்கும் நாட்கள் கூடக்கூட, போகலாமா வேண்டாமா என்ற முடிவு வண்டியோட்டியின் தலையில் விழுகிறது. முன்பு அந்த முடிவைக் கணவாயே எடுத்துவிடும்.

ஊர் எண்ணை நம்பியதற்கு ஒரு சாட்சி

2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவு தாண்டி லேயைச் சேறும் வெள்ளமும் அடித்துப் போனது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். லே வானிலை நிலையத்தின் மழைமானியில் அன்று பதிவானது 12.8 மி.மீ. சென்னையில் அந்த மழைக்குக் குடைகூட எடுக்க மாட்டோம். மேகம் கொட்டியது மழைமானி இல்லாத மலைச்சரிவில். அளவுமானி பொய் சொல்லவில்லை. அது தன் காலடியை மட்டும் அளந்தது. 2020 டிசம்பரில் லேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறை தனி மையம் திறந்தது. பனிச்சரிவு எச்சரிக்கையை சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தருகிறது. ஆனாலும் ஒவ்வொரு சரிவிலும் மானி வைக்க ஆளில்லை.

செலவு: பெட்ரோல்

மணாலி–லே பாதையில் தாண்டி என்ற ஊரின் பங்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்ற பலகை வெகுகாலம் பிரபலம். ஹிமாலயனுக்கு 17 லிட்டர் டேங்க். லிட்டருக்கு 25 கி.மீ. கிடைத்தால் 14.6 லிட்டர் போதும். எதிர்காற்றும் சின்ன கியரும் சேர்ந்து 20-க்கு இறக்கினால் 18.25 லிட்டர் வேண்டும். 1.25 லிட்டர் துண்டு விழும். 5 லிட்டர் கேனைக் கட்டிக்கொண்டு போவது பகட்டு என்று நினைப்பவர், காற்று வரியைக் கணக்கில் எழுதாதவர்.

செலவு: நாள்

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த கணக்கு, 20 நாள் வேலைக்கு 1 நாள் சம்பளத்தோடு லீவு. 240 நாள் உழைத்தால் 12 நாள் இ.எல். ஞாயிறு வார லீவு என்றால், முன்னும் பின்னும் நடுவிலுமாக 3 ஞாயிறு சேர்த்து மொத்தம் 15 நாள். இனி செலவு:

- ரயில், சென்னை–டெல்லி 2,182 கி.மீ., வண்டியும் பார்சலில்: 2
- டெல்லி–மணாலி, நீண்ட ஒரு நாள்: 1
- மணாலி–லே: 2
- லேயில் உடல் பழக ஓய்வு: 2
- கர்துங் லா போய்வர: 1
- லே–மணாலி: 2
- மணாலி–டெல்லி: 1
- ரயில், திரும்ப: 2

மொத்தம் 13. மீதி 2. இந்த இரண்டைப் பலரும் பாங்காங் ஏரிக்கு எழுதிவிடுவார்கள். அங்கேதான் கணக்கு உடைகிறது.

ரயில் டிக்கெட் 60 நாள் முன்னதாகத் திறக்கிறது. கணவாயின் பனியைப் பற்றி நம்பத்தக்கதாக ஏதாவது சொல்ல முடிவது சில நாள் முன்னதாகத்தான். ஆக, தேதி முடிவாகும்போது வானிலை இல்லை. வானிலை தெரியும்போது தேதி மாறாது. உபரி நாள் கையில் இல்லாதவருக்குச் சிவப்பு எச்சரிக்கையும் பச்சையும் ஒன்றுதான். இரண்டிலும் அவர் கிளம்பியே ஆக வேண்டும், திங்கட்கிழமை முதல் ஷிப்டு காத்திருக்கிறது. முன்னறிவிப்புக்கு மதிப்புத் தருவது அதன் துல்லியத்தைவிட, அதைக் கேட்டுத் தங்க நம்மிடம் இருக்கும் நாள்.

அந்த நாளின் விலை: அறைக்கு 1,500, சாப்பாட்டுக்கு 500 என்று வைத்தால் இரண்டு நாளுக்கு 4,000 ரூபாய். இரண்டும் இ.எல்.லில் கழிந்தால் 40 நாள் வேலையில் சேர்ந்தது. ஏரியை விடுவது மனசுக்கு வலிக்கும், தொகை பெரிதுதான்.

இரண்டையும் ஒரே இடத்தில் போடவும் கூடாது. டெல்லியில் சேர்த்துவைத்த உபரி ரயிலுக்குத்தான் உதவும். ஒன்று மணாலியில், ஏறுவதற்கு முன். மற்றது லேயில், திரும்புவதற்கு முன். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும், இல்லையென்றால் மணாலியிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் முந்தைய இரவுக்கு என் கணக்கு இது: ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றால் பேச்சே இல்லை, தங்குவது. மஞ்சளோ பச்சையோ என்றால், உயரம் கழித்த வெப்பம் மைனஸ் 5-க்குக் கீழ், காற்று 40 கி.மீ.க்கு மேல், மழை 5 மி.மீ.க்கு மேல் என்ற மூன்றில் இரண்டு சேர்ந்தாலும் தங்குவது. சேரவில்லை என்றால் விடியலில் கிளம்பி, மதியக் காற்று எழுவதற்குள் கணவாயைத் தாண்டுவது.

இரண்டு உபரியும் செலவாகாமல் லேயில் கடைசி நாள் மிச்சமாகி நின்றால், பாங்காங்குக்கு அப்போது போகலாம். லீவு படிவத்தில் எழுத வேண்டியது 12. பயணத் தாளில் எழுத வேண்டியது 13. மீதி இரண்டின் எதிரே ஊர் பெயர் எதுவும் வேண்டாம்.