இன்டர்வியூல தோத்தது நான் மட்டும்தானா?

சமூகவியல் படிக்கிற எல்லாரும் முதல்ல சந்திக்கிற ஒரு கேள்வியோட இன்னைக்கு எபிசோடை ஆரம்பிக்கலாம். நமக்கு நடக்குற ஒரு விஷயத்துல நம்ம பங்கு எவ்வளவு, நம்மைச் சுத்தி இருக்குற சமூகத்தோட பங்கு எவ்வளவு?

எனக்கு இந்தக் கேள்வி காலேஜ் கடைசி வருஷத்துல வந்தது. கேம்பஸ் இன்டர்வியூ. எழுத்துத் தேர்வுல பாஸ். அடுத்து குரூப் டிஸ்கஷன். பன்னெண்டாவது வரைக்கும் நான் தமிழ் மீடியம். சொல்ல வேண்டியது மனசுல இருக்கு, ஆனா அதை இங்கிலீஷ்ல கோத்து முடிக்கறதுக்குள்ள பேச்சு வேற எங்கேயோ போயிடுது. கடைசி வரைக்கும் நான் வாயே திறக்கலை. 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் போதாது'ன்னு வெளியே அனுப்பிட்டாங்க. ராத்திரி அப்பா போன் பண்ணாங்க. "எனக்குத் திறமை பத்தலைப்பா"ன்னு சொன்னேன். ரொம்ப நாள் அதையே நம்பிக்கிட்டும் இருந்தேன்.

இப்போ அமெரிக்க சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ்கிட்ட போவோம். 1959-ல வந்த 'தி சோஷியலாஜிக்கல் இமாஜினேஷன்' புத்தகத்துல அவர் ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுக் காட்டுறார்: ஒருத்தரோட சொந்தச் சிக்கல், எல்லாருக்குமான பொதுப் பிரச்சினை. அவர் சொல்ற உதாரணம் வேலையில்லாத் திண்டாட்டம். 1 லட்சம் பேர் இருக்குற ஊர்ல ஒரே ஒருத்தருக்கு வேலை இல்லைன்னா, அவரோட குணம், திறமை, அவருக்கு இருக்குற வாய்ப்பைப் பார்க்கலாம். ஆனா 5 கோடி தொழிலாளர்கள் இருக்குற நாட்டுல 1.5 கோடி பேருக்கு வேலை இல்லைன்னா? அத்தனை பேரும் ஒரே நேரத்துல சோம்பேறி ஆகியிருக்க முடியாது. அந்த நாட்டோட பொருளாதார, அரசியல் அமைப்பைத்தான் ஆராய வேண்டும்.

இதைப் படிச்சதும் அந்த இன்டர்வியூ நாள் ஞாபகம் வந்தது. அன்னைக்கு டிஸ்கஷன் ரவுண்டுல வெளியேறினவங்க யாரு? என் நண்பர்கள்ல பாதிப் பேர். பெரும்பாலும் தமிழ் மீடியம், பெரும்பாலும் வீட்டுல முதல் பட்டதாரி. எழுத்துத் தேர்வுல இவங்க யாரும் மோசம் இல்லை. நான் தனியா சுமந்துக்கிட்டிருந்த தோல்வியில ஒரு பேட்டர்ன் இருந்தது.

அது எப்படி உருவாகுது? இதுக்குப் பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ உதவுறார். 1930-ல பிரான்ஸோட தென்மேற்குல ஒரு கிராமத்துல பிறந்தவர். அப்பா தபால் துறை ஊழியர். அங்கேயிருந்து பாரிஸோட பெரிய கல்வி நிறுவனத்துக்குப் படிக்கப் போனவர். மூலதனம்னா பணம் மட்டும் இல்லைன்னு அவர் சொல்றார். பணமும் சொத்தும் பொருளாதார மூலதனம். தெரிஞ்சவங்க, தொடர்புகள் சமூக மூலதனம். மூணாவது, பண்பாட்டு மூலதனம்.

இந்த மூணாவது, மூணு வடிவத்துல இருக்கும். வீட்டுல இருக்குற புத்தகம் மாதிரியான பொருட்கள். டிகிரி மாதிரியான சான்றிதழ்கள். அப்புறம் உடம்புலயே ஊறிப்போன பழக்கங்கள்: பேச்சு, உச்சரிப்பு, புது ஆட்கள் முன்னாடி தயங்காம உக்கார்ற விதம். அன்னைக்கு எங்க எல்லாருக்கும் ஒரே டிகிரிதான். வித்தியாசம் கடைசி வடிவத்துல இருந்தது.

இங்கதான் பூர்தியூ சொல்ற முக்கியமான விஷயம் வருது. பணத்தைக் கொடுத்தா வாங்கினது எல்லாருக்கும் தெரியும். ஆனா சாப்பாட்டு மேஜையில இங்கிலீஷ் கேட்டு வளர்ற குழந்தைக்குள்ள அந்த மூலதனம் வருஷக்கணக்குல, யார் கண்ணுக்கும் தெரியாம சேருது. இருபது வயசுல அது வெளியே வரும்போது, வந்த வழி மறைஞ்சு 'பிறவித் திறமை' மாதிரி தெரியுது. அது இல்லாதவங்களும் "எனக்குத் திறமை இல்லை"ன்னு நம்பிடறாங்க. நான் அப்பாகிட்ட சொன்ன மாதிரி.

அப்போ எல்லாத்துக்கும் சமூகம்தான் காரணமா, நாம முயற்சியே பண்ண வேண்டாமான்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. என்கூட தமிழ் மீடியத்துல படிச்ச ஒருத்தன் அதே நாள்ல செலக்ட் ஆனான். சமூகவியல் யாருக்கும் ஜாதகம் எழுதாது. எந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குப் பாதை மேடா இருக்குன்னு காட்டும். மில்ஸும் தனிமனிதரோட வாழ்க்கையையும் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் சொன்னார். நானும் இங்கிலீஷ் கத்துக்கிட்டேன். ஆனா வெட்கப்பட்டுக் கத்துக்கறதுக்கும், ஏன் கத்துக்க வேண்டியிருக்குன்னு புரிஞ்சு கத்துக்கறதுக்கும் நிறைய வித்தியாசம் இருந்தது.

இப்போ நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உக்கார்றேன். சமீபத்துல ஒரு பொண்ணு இன்டர்வியூக்கு வந்திருந்தாங்க. கேள்விக்குத் திணறினாங்க. 'கம்யூனிகேஷன் வீக்'னு எழுதப் போன கை அப்படியே நின்னுடுச்சு. அந்த வேலையில நாள் முழுக்க கம்ப்யூட்டரோடதான் பேசணும். "தமிழ்லயே சொல்லுங்க"ன்னேன். ரெண்டு நிமிஷத்துல போர்டுல வரைஞ்சு தெளிவா விளக்கிட்டாங்க. அடுத்த ரவுண்டுக்கு அனுப்பினேன்.

இந்த வாரம் ஒண்ணு பண்ணிப் பாருங்க. 'இது என் தப்பு மட்டும்தான்'னு நீங்க நினைக்கிற ஒரு தோல்வியை எடுத்துக்கோங்க. அதே இடத்துல வேற யாரெல்லாம் விழுந்தாங்கன்னு எண்ணுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.